கத்தியும் காத்திருத்தலும்



நான் பிறந்து வளர்ந்து, இன்றும் வாழ்ந்து வரும் ஊர் அதியமான்கோட்டை. தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில், சில கல் தொலைவிலேயே இவ்வூர் வந்துவிடும். ஊரின் பெயரைக் கேட்ட அளவில் உங்களுக்கு நினைவு வருவது நெல்லிக்கனியாகவே இருக்கும். கிடைத்தற்கரிய கனி ஒன்றைப் பெற்ற அதியமான் நெடுமான் அஞ்சி, அதனைத் தான் உண்ணாது, உண்டார்க்கு நெடிய வாழ்நாளைத் தரும் அதன் சிறப்பையும் கூறாது, ஔவைக்கு அளித்தான் என்பது நாம் இளமையிலேயே படித்த வரலாறு. நீண்ட காலம் வாழ வேண்டும் என்னும் ஆசை மனிதனுக்கு எவ்வளவு பழமையானது என்பதை அந்த ஒரு கனி நமக்கு உணர்த்துகிறது.

ஆனால் நீண்ட வாழ்வு ஒன்றே போதுமா? வாழும் நாளில் மனம் அமைதியாக இருக்க வேண்டாவா? இக்கேள்வியை என் உள்ளத்தில் எழுப்பியவள் என் தங்கை. அவள் எங்கள் ஊருக்கு அருகே ஓர் அங்கன்வாடியில் பணி செய்பவள். நாள்தோறும் முப்பது குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பதே அவள் தொழில். சில ஆண்டுகளுக்கு முன், தீராத கழுத்துவலிக்காக ஒலியலைப் படம் எடுத்தார்கள். நாம் அதனை ஸ்கேன் என்றே வழங்குகிறோம். வலிக்கும் அதற்கும் தொடர்பே இல்லாத வகையில், கழுத்தின் முன்புறத்துச் சுரப்பியினுள் பட்டாணி அளவினதாகிய சிறு கட்டி ஒன்று அப்படத்தில் தெரிந்தது. மெல்லிய ஊசியால் அணுக்களை எடுத்துச் சோதித்தார்கள். முடிவுத்தாளில் 'சந்தேகத்திற்கு உரியது' என்று எழுதியிருந்தது.

மருத்துவர் இரண்டு வழிகளை எடுத்துரைத்தார். ஒன்று, அறுத்து எடுத்துவிடுவது. மற்றொன்று, ஆறு மாதத்திற்கு ஒருமுறை படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு, வளர்ந்தால் மட்டும் அறுப்பது. "புற்றாக இருக்கலாம் என்று சொல்லிவிட்டு, பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்றும் சொல்கிறாரே! இது என்ன வைத்தியம்?" என்று நான் சினந்தேன். வீட்டிற்குத் திரும்பும் வழியில் பேருந்தில் என் தங்கை சொன்னாள்: "அண்ணா, கழுத்துக்குள்ளே ஒரு தேள் உட்கார்ந்திருக்கிறது. கொட்டுமா கொட்டாதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள். நான் எப்படித் தூங்குவேன்?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை. வரலாறு கற்பித்த ஆசிரியனாகிய நான், விடையை வரலாற்றிலேயே தேடத் தொடங்கினேன். அவ்வாறு தேடிக் கண்டவற்றையே இன்று உங்களுக்குக் கூற விழைகிறேன்.

முதலில் அச்சுரப்பியை அறிந்துகொள்வோம். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, சிறகு விரித்த பட்டாம்பூச்சி போல அது அமைந்திருக்கிறது. 1656ஆம் ஆண்டில் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர், கேடயம் எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குத் தைராய்டு என்று பெயரிட்டார். உடலின் வெப்பம், வளர்ச்சி, இதயத் துடிப்பு, மனத்தின் கிளர்ச்சி ஆகிய அனைத்தும் அதன் சுரப்பு நீரால் ஆளப்படுகின்றன. ஆனால் அதன் பயனை மனிதன் அறிந்தது மிகப் பிற்காலத்தில்தான். அது வீங்கிக் கழலையாகத் தொங்குவதை மட்டும் பண்டைக் காலத்தாரும் கண்டனர். நம் நாட்டின் சுசுருத சம்கிதை கலகண்டம் என்னும் பெயரால் கழுத்துக் கழலையைக் குறிப்பிடுகிறது.

அக்கழலையை அறுக்க முயன்றவர்களின் வரலாறு, நெடுங்காலம் மரணத்தின் வரலாறாகவே இருந்தது. அச்சுரப்பிக்குள் பாயும் இரத்தக் குழாய்கள் பல. கத்தி பட்ட அளவில் குருதி பெருகும். தப்பியவரையும் புண்ணில் புகுந்த நச்சுக் கிருமிகள் கொல்லும். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அறுவைக்கு உட்பட்டவருள் பத்தில் நால்வர் வரை மாண்டனர் என்பர். 1850இல் பிரெஞ்சு மருத்துவப் பேரவை இவ்வறுவையையே கண்டித்து விலக்கியது. அக்காலத்தில் மருத்துவர்கள் கை வைக்காது காத்திருந்தனர். அஃது அறிவினால் காத்த காத்திருத்தல் அன்று, ஆற்றாமையினால் வந்தது.

இந்நிலையை மாற்றியவர் சுவிட்சர்லாந்து நாட்டின் பெர்ன் நகரத்துப் பேராசிரியர் தியோடர் கோக்கர். சுவிட்சர்லாந்து மலைநாடு. அதன் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆதலால் கழலை அங்கே ஊர்தோறும் காணப்பட்டது. கோக்கர் மயக்க மருந்தையும் கிருமி நீக்கும் முறையையும் கைக்கொண்டு, ஒவ்வோர் இரத்தக் குழாயையும் பொறுமையாகக் கட்டிக் கட்டி அறுத்தார். அவர் தம் வாழ்நாளில் செய்த தைராய்டு அறுவைகள் 5,000க்கு மேற்பட்டவை. இறப்பு விகிதம் நூற்றுக்கு ஒன்றினும் குறைந்தது. உலகம் அவரை வியந்து போற்றியது.

ஆனால், மாணவர்களே, வெற்றியின் நடுவிலேயே ஒரு பெருந்துயரம் மறைந்திருந்தது. 1882ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து மருத்துவர் ரெவர்தன், சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்ட நோயாளிகளிடம் ஒரு விந்தையான மாற்றம் காண்பதாகக் கோக்கரிடம் தெரிவித்தார். கோக்கர் திடுக்கிட்டார். தாம் முன்னர் அறுவை செய்து அனுப்பியவர்களை மீண்டும் வரவழைத்துப் பார்த்தார். முழுச் சுரப்பியையும் இழந்திருந்தவர்களுள் பெரும்பாலோர் முகம் ஊதி, தோல் தடித்து, பேச்சு மந்தமாகி, அறிவு மழுங்கிக் காணப்பட்டனர். சிறுவர்களின் வளர்ச்சியும் நின்று போயிருந்தது. கத்தி பிழை செய்யவில்லை; கத்தியைச் செலுத்திய அறிவு குறைபட்டிருந்தது. 1883இல் கோக்கர் அனைத்தையும் மறைக்காது மருத்துவர் பேரவையில் வெளியிட்டார். கொடிய நோய் இல்லாதவிடத்து முழுச் சுரப்பியையும் எடுப்பதை அதன்பின் அவர் கைவிட்டார். 1909இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைக் காட்டிலும், தம் பிழையைத் தாமே தேடிச் சென்று கண்டு, உலகிற்கு உரைத்த அந்த நேர்மையே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

அத்துயரத்திலிருந்தே ஒரு நன்மையும் பிறந்தது. சுரப்பி இல்லையேல் என்ன நேரும் என்று அறிந்ததும், சுரப்பு நீரை வெளியிலிருந்து கொடுக்கலாமே என்னும் எண்ணம் எழுந்தது. 1891இல் ஜார்ஜ் மர்ரே என்னும் இங்கிலாந்து மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஒரு பெண்மணிக்குச் செலுத்தினார். அவர் அதன்பின் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். 1914இல் எட்வர்டு கெண்டால் தைராக்சினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927இல் அது செயற்கை முறையிலும் ஆக்கப்பட்டது. இன்று காலையில் வெறும் வயிற்றில் நம் வீட்டுப் பெண்கள் விழுங்கும் அந்தச் சிறு மாத்திரையின் பின்னே இவ்வளவு வரலாறு இருக்கிறது.

கழலையை அறுப்பதைவிட வராமல் தடுப்பது நன்று அல்லவா? அவ்வழியில் நம் நாடும் பெரும்பங்கு ஆற்றியது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவ அதிகாரி, வடமேற்கு மலைப்பகுதியாகிய கில்கித்தில் கழலையை ஆராய்ந்தார். கழலை மிகுந்த ஊர்களின் நீரில் தங்கிய கசடைத் தாமே குடித்துத் தம் உடலையே சோதனைக்களம் ஆக்கினார். அசுத்த நீரே முதற்காரணம் என்று அவர் எண்ணினார். அயோடின் குறைவே முதற்காரணம் எனப் பின்னாளைய ஆராய்ச்சி காட்டியது. அதே மக்காரிசன் பின்னர் நம் நீலகிரியின் குன்னூரில் அமர்ந்து உணவு பற்றி ஆராய்ந்தார். அங்கே அவர் வளர்த்த ஆராய்ச்சிக் கூடமே 1958இல் ஐதராபாத்திற்கு மாற்றப்பட்டு, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது.

விடுதலைக்குப் பின், ஆந்திர நாட்டில் பிறந்த வுலிமிரி இராமலிங்கசுவாமி என்னும் அறிஞர், 1956 முதல் இமாசலத்தின் காங்கிரா பள்ளத்தாக்கில் ஒரு பெரும் சோதனையை நடத்தினார். பள்ளத்தாக்கை மூன்று பகுதிகளாகப் பகுத்து, இரண்டு பகுதிகளுக்கு அயோடின் கலந்த உப்பையும், ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பையும் வழங்கினர். சில ஆண்டுகளில் அயோடின் உப்பு உண்ட பகுதிகளில் கழலை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மற்றொரு பகுதியில் குறையவில்லை. பின்னர் அப்பகுதியினருக்கும் அவ்வுப்பு கொடுக்கப்பட்டது. 1962இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தோன்றியது. நாம் கடையில் வாங்கும் உப்புப் பொட்டலத்தின்மேல் அயோடின் என்று அச்சிட்டிருப்பதன் காரணம் இதுவே. எங்கள் தர்மபுரி மாவட்டத்தாருக்கு இவ்வரலாறு எளிதில் விளங்கும். இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால் அன்றோ, ஒகேனக்கல்லிலிருந்து காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள்! நீரிலும் மண்ணிலும் ஒன்று மிகுந்தாலும் நோய். ஒன்று குறைந்தாலும் நோய்.

இவ்வளவும் பெருங்கழலையின் கதை. என் தங்கைக்கு வந்ததோ வேறு. அது கண்ணுக்குத் தெரியாத கட்டி. கைக்கும் அகப்படாத கட்டி. கருவிதான் அதனைக் கண்டது. இங்கேதான் நம் காலத்துக் கதை தொடங்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒலியலைக் கருவி மருத்துவமனைகளில் நுழைந்தது. அதற்கு முன் விரலால் தடவிப் பார்த்தபோது, நூறு பேரில் நான்கைந்து பேருக்கே தைராய்டில் கட்டி தென்பட்டது. ஒலியலையைக் கொண்டு பார்த்தபோதோ, வயது வந்தவர்களில் மிகப் பலரிடம் ஏதேனும் ஒரு சிறு கட்டி இருப்பது தெரியவந்தது. அக்கட்டிகளில் பெரும்பாலானவை தீங்கற்றவை. 1985இல் பின்லாந்து நாட்டு ஆராய்ச்சியாளர், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டுகளை நுணுக்கமாக அறுத்து ஆராய்ந்தனர். அவர்களுள் 36 பேரிடம் சிறிய தைராய்டுப் புற்று இருந்தது! அவர்கள் அதனுடனேயே வாழ்ந்து, அதனை அறியாமலே, வேறொன்றால் இறந்தவர்கள். புற்று என்றால் மரணம் என்று எண்ணிய உலகத்திற்கு இஃது ஒரு புதிய செய்தி.

இச்செய்தியை உணராமல் கருவியை மட்டும் நம்பினால் என்ன நேரும் என்பதற்குத் தென்கொரிய நாடு சான்றாயிற்று. 1999இல் அந்நாடு புற்றுநோய்ச் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அத்திட்டத்தில் சேரவில்லை. ஆயினும் சிறு கட்டணத்திற்கு அதையும் சேர்த்துப் பார்க்கும் வழக்கம் பரவியது. 2011ஆம் ஆண்டில் தைராய்டுப் புற்று எனக் கண்டறியப்பட்டோர் விகிதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு ஆயிற்று. அந்த ஓராண்டில் மட்டும் 40,000 பேருக்கு மேல்! ஆனால் அந்நோயால் இறந்தவர் தொகையோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படியானால் கண்டறிந்ததால் காக்கப்பட்டவர் எத்தனை பேர்? இக்கேள்வியை அந்நாட்டு மருத்துவர் சிலரே எழுப்பினர். 2014இல் அவர்கள் வெளிப்படையாக மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தனர். நோய்க்குறி இல்லாதவர்கள் வீணே கழுத்தைப் படம் எடுக்க வேண்டா என்றனர். ஓராண்டிற்குள் அறுவைகள் மூன்றில் ஒரு பங்குக்குமேல் குறைந்தன.

அறுவையினால் வரும் இழப்புகளையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். தைராய்டின் பின்னே குரலை ஆளும் நரம்பு செல்கிறது. அது சிதைந்தால் குரல் கம்மிப் போகும். அருகிலேயே அரிசி மணி அளவினவாகிய நான்கு சிறு சுரப்பிகள் உள்ளன. அவை கெட்டால் உடலில் சுண்ணச்சத்துக் குறைந்து கைகால் இழுத்துக்கொள்ளும். முழுச் சுரப்பியையும் எடுத்தவர் வாழ்நாள் முழுவதும் மாத்திரை உண்ண வேண்டும். தேர்ந்த கைகளில் இத்தீங்குகள் குறைவே. எனினும், குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தரும் ஒருத்திக்குக் குரல் என்பது சிறு பொருளா?

காத்திருத்தலை ஒரு முறையாக வகுத்துக் காட்டியது சப்பான் நாடு. அந்நாட்டின் கோபே நகரத்தில் தைராய்டு நோய்க்கென்றே அமைந்த கூமா மருத்துவமனை இருக்கிறது. அங்கிருந்த அகிரா மியாவுச்சி என்னும் மருத்துவர், 1993இல் தம் உடன் பணியாற்றியோர் கூட்டத்தில் ஒரு துணிவான கருத்தை முன்வைத்தார். ஒரு சென்டிமீட்டருக்கு மேற்படாத, பிற இடங்களுக்குப் பரவாத பாப்பில்லரி வகைப் புற்றுகளை உடனே அறுக்காமல், முறையாகக் கண்காணித்து வருவோம். வளர்பவற்றை மட்டும் அறுப்போம் என்றார். எல்லாவற்றையும் அறுப்பது நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகத் தரும் என்பது அவர் எண்ணம். 1995இல் டோக்கியோவின் புற்றுநோய் மருத்துவமனையும் இம்முறையை மேற்கொண்டது.

2014இல் கூமா மருத்துவமனையார், இவ்வாறு கண்காணிக்கப்பட்ட 1,235 பேரின் வரலாற்றை வெளியிட்டனர். பத்தாண்டுகளில் கட்டி மூன்று மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வளர்ந்தவர் நூற்றுக்கு எண்மர். கழுத்து நிணநீர் முடிச்சிற்குப் பரவியது நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. அந்நோயால் இறந்தவர் ஒருவரும் இலர். வளர்ச்சி கண்டபின் அறுவை செய்துகொண்டவர்களும் நலமாகவே இருந்தனர். வயது முதிர்ந்தோரிடம் இக்கட்டி இளையோரிடத்தைவிட மெதுவாகவே வளர்ந்தது. 2015இல் அமெரிக்கத் தைராய்டுக் கழகத்தின் நெறிமுறைகளும் இவ்வழியைத் தகுந்தவர்க்கு உரிய வழிகளுள் ஒன்றாக ஏற்றன.

ஒன்றை இங்கே அழுத்திக் கூற வேண்டும். இம்முறை எல்லார்க்கும் உரியதன்று. பெரிய கட்டி, பரவிய கட்டி, மூச்சுக்குழலையோ குரல் நரம்பையோ ஒட்டிய கட்டி, வேறு கொடிய வகைக் கட்டி ஆகியவற்றிற்கு அறுவையே வழி. எது எவருக்கு உரியது என்பதை மருத்துவரே கூற வல்லவர். வானொலியில் பேசும் ஆசிரியன் அல்லன். காத்திருத்தல் என்பது மருத்துவமனையை மறந்து வீட்டில் இருப்பதும் அன்று. கோட்டை மதில்மேல் நிற்கும் காவலன் சோம்பியிருப்பவன் அல்லன். அம்பு தொடுக்காவிட்டாலும் அவன் கண் உறங்குவதில்லை. கண்காணிப்பும் அத்தகையதே.

இனி மனத்தின் கதைக்கு வருவோம். கட்டி வளரவில்லை என்பது உடலுக்கு நற்செய்தி. ஆனால் அந்தச் செய்தி வரும்வரை மனம் என்ன பாடுபடும்! மற்ற நோயாளிக்கு ஓர் எதிரி இருக்கிறான். அவனை எதிர்த்து மருந்து உண்கிறான். போரிடும் ஒருவன் தன் அச்சத்தை மறக்கிறான். காத்திருப்பவனுக்கோ செய்வதற்கு ஒன்றும் இல்லை. நினைப்பதற்கு மட்டும் எல்லாம் இருக்கிறது.

பெயரே பாதி அச்சத்தைத் தருகிறது. நம் முன்னோர் இந்நோய்க்கு இட்ட பெயர் புற்று. மண்ணுக்குள் கிளைவிட்டுப் பரவுவதும், உள்ளே பாம்பு குடியிருப்பதும் ஆகிய கறையான் புற்றை நாட்டுப்புறத்துக் குழந்தையும் அறியும். மேனாட்டார் இதனை நண்டு என்றனர். இரண்டும் அஞ்சத்தக்க பெயர்களே. பெயரின் ஆற்றலை மருத்துவ உலகமும் உணர்ந்திருக்கிறது. 2016இல் பல நாட்டு அறிஞர் கூடி, உறையினுள் அடங்கி வெளியே பரவாத ஒருவகைத் தைராய்டுக் கட்டியின் பெயரிலிருந்து புற்று என்னும் சொல்லையே நீக்கிவிட்டனர். அக்கட்டியின் உடற்கூறு மாறவில்லை. சொல் ஒன்றே மாறியது. அதனால் பல்லாயிரம் பேர் நெஞ்சின் சுமை இறங்கியது.

நம் சென்னையிலும் இவ்வச்சத்தோடு போராடியவர்கள் இருந்தனர். தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். அங்கேயே தம் வாழ்நாளைக் கழித்த டாக்டர் சாந்தா, 2021இல் மறையும்வரை நோயோடு மட்டுமன்றி, நோயைப் பற்றிய அச்சத்தோடும் போரிட்டார். மனத்தைப் பேணுவதும் மருத்துவமே என்பது அந்நிலையத்தார் போற்றி வந்த கொள்கை.

காத்திருப்போர் மனநிலையையும் அறிஞர் ஆராய்ந்துள்ளனர். 2019இல், கூமா மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்த 243 பேரின் விடைகளைத் தொகுத்து வெளியிட்டனர். அவர்களுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மிகுதியானோர், தமக்கு அவ்வப்போதேனும் கவலை வருவதுண்டு என்றனர். ஆனால் ஐவரில் மூவர், முதன்முதலில் செய்தி கேட்ட நாளைவிட இப்போது கவலை குறைந்துள்ளது என்றனர். காத்திருந்ததே தமக்கு நல்ல முடிவு என்று ஐவரில் நால்வர் கருதினர். மற்றொரு செய்தியும் கருதத் தக்கது. அம்மருத்துவமனையில் தொடக்க ஆண்டுகளில் சிலரே காத்திருக்கத் துணிந்தனர். அனுபவம் பெருகி, மருத்துவர்கள் உறுதியோடு எடுத்துரைக்கத் தொடங்கியபின், பெரும்பாலோர் அவ்வழியையே தேர்ந்தனர். நோயாளியின் மன உறுதிக்கு ஊற்று மருத்துவரின் சொல்லே என்பது இதனால் விளங்குகிறது.

என் தங்கையும் காத்திருக்கவே முடிவு செய்தாள். முதல் ஆண்டு எளிதாக இல்லை. காலையில் எழுந்ததும் கண்ணாடியின் முன் நின்று கழுத்தைத் தடவுவாள். தொண்டையில் சளி கட்டினாலும் அதுதானோ என்று கலங்குவாள். தெருவில் எதிர்ப்பட்டோர், "இன்னுமா அறுக்காமல் வைத்திருக்கிறாய்?" என்று கேட்பார்கள். அன்பினால் கேட்ட கேள்விதான். ஆனால் அது அவள் இரவு உறக்கத்தைக் கெடுத்தது. படம் எடுக்கும் நாள் நெருங்க நெருங்க உணவு இறங்காது.

ஒருமுறை, வழக்கமான இடத்தில் கூட்டமாக இருந்ததால், வேறோரிடத்தில் படம் எடுத்தோம். முன்னே ஏழு மில்லிமீட்டர் என்று இருந்தது, அந்தத் தாளில் ஒன்பது என்று இருந்தது. ஒருவரும் விளக்கம் சொல்லவில்லை. தாளை உறையிலிட்டுக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மருத்துவரைக் காணப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்ததே பெரிது. பிறகு மருத்துவர் புன்னகையோடு கூறினார்: "அம்மா, கட்டி வளரவில்லை. அளந்த கை வேறு. கருவிக்குக் கருவி, கைக்குக் கை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மாறும். அதனால்தான் மூன்று மில்லிமீட்டர் கூடினால் மட்டுமே வளர்ச்சி என்று கணக்கு வைத்திருக்கிறோம்." பழைய இடத்தில் மீண்டும் அளந்தபோது ஏழே இருந்தது.

அன்று நான் ஒன்று உணர்ந்தேன். எங்களைப் பத்து நாள் வாட்டியது கட்டி அன்று; விளக்கப்படாத ஓர் எண். அதியமான் தன் கனியின் பயனைச் சொல்லாமல் கொடுத்தான்; அது வள்ளலின் பெருமை. மருத்துவத்திலோ சொல்லிக் கொடுப்பதே பெருமை. இக்கட்டி எவ்வளவு மெதுவாக வளரும், எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டா, மனம் மாறினால் எப்போது வேண்டுமானாலும் அறுவை செய்துகொள்ளலாம் என்பவற்றை முதல் நாளிலேயே ஒருவர் அமர்ந்து கூறியிருந்தால், தேளை நினைத்து அவள் விழித்த இரவுகள் பல குறைந்திருக்கும்.

அதன்பின் நாங்கள் சில ஒழுங்குகளை வகுத்துக்கொண்டோம். ஒரே இடத்தில் மட்டும் படம் எடுப்பது. முன் எடுத்த தாள்கள் அனைத்தையும் ஒரு கோப்பில் வைத்து உடன் கொண்டு செல்வது. கேட்க வேண்டியவற்றை முதல் நாளே தாளில் எழுதிக்கொள்வது. படம் எடுத்த அன்றே மருத்துவரைக் காணுமாறு நாள் குறிப்பது. முதல் நாள் இரவு அவளைத் தனியே விடாமல் நான் சென்று அவள் வீட்டில் தங்குவது. இடைப்பட்ட மாதங்களில் கழுத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. இவை எளியவைதாம். ஆனால் இவற்றால் அவள் உறக்கம் மீண்டது. இப்போது ஆண்டிற்கு ஒருமுறை வந்தால் போதும் என்று மருத்துவர் கூறிவிட்டார். கட்டி அப்படியே இருக்கிறது. சென்ற முறை பேருந்தில் திரும்பி வரும்போது, "தேள் தூங்குகிறது அண்ணா, நாமும் தூங்கலாம்" என்றாள்.

அவளுக்கு அச்சம் முற்றும் நீங்கிவிட்டது என்று நான் கூறமாட்டேன். படம் எடுக்கும் மாதம் பிறந்தால் இன்றும் அவள் பேச்சுக் குறைகிறது. ஆனால் அச்சம் வீட்டின் தலைவனாக இருந்த நிலை மாறி, எப்போதாவது வந்து போகும் விருந்தினன் ஆகிவிட்டது. நாளை கட்டி வளரலாம். வளர்ந்தால் அறுவை செய்துகொள்வாள். அதற்கும் அவள் மனம் பக்குவப்பட்டிருக்கிறது. அதுவரை அங்கன்வாடிக் குழந்தைகளுக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்.

மாணவர்களே, இவ்வரலாற்றை மீண்டும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முதலில் மருத்துவனுக்கு அறுக்கும் ஆற்றல் இல்லை. பிறகு ஆற்றல் வந்தது, அளவு தெரியவில்லை. கோக்கர் அளவைக் கற்றுக்கொண்டார். பிறகு மிக நுண்ணியதையும் காணும் கண் வந்தது; கண்ட அனைத்தையும் அறுக்க வேண்டா என்னும் தெளிவு வரவில்லை. மியாவுச்சி போன்றோர் அத்தெளிவைத் தந்தனர். இனி நாம் கற்க வேண்டுவது, காத்திருக்கும் மனிதனின் மனத்தை எவ்வாறு தாங்குவது என்பதையே.

மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைக் கூறுகிறார். நோயுற்றவன் ஒருவன், தீர்க்கும் மருத்துவன் ஒருவன், மருந்து ஒன்று, அருகிருந்து துணை செய்பவன் ஒருவன். காத்திருக்கும் நோயாளிக்குக் கொடுக்க மருந்து இல்லை. ஆகவே நான்கில் ஒன்று குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப வேண்டியவர்கள் மற்ற இருவர்: விளக்கிச் சொல்லும் மருத்துவரும், உடனிருக்கும் உறவினரும். உங்களுள் சிலர் நாளை மருத்துவர் ஆவீர்கள். நீங்கள் ஓர் எண்ணை எழுதிக் கொடுக்கும்போது, அதன் பொருளையும் சேர்த்துக் கொடுங்கள். மருத்துவர் ஆகாதவர்களும் ஒருநாள் ஒரு தாய்க்கோ, அத்தைக்கோ, அக்காவிற்கோ துணையாகச் செல்வீர்கள். "இன்னுமா அறுக்கவில்லை?" என்று கேளாதீர்கள். "அடுத்த முறை எந்த நாள்? நானும் வருகிறேன்" என்று சொல்லுங்கள்.